சத்தமில்லாத மட்டை

மேசைப் பந்தாட்டம் நடக்கும் கூடத்தின் வாசலில் ஒரு நிமிடம் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பந்து மேசையில் விழும்போது ஓர் ஒலி, மட்டையில் படும்போது வேறோர் ஒலி. 'டக்-டொக், டக்-டொக்' என்று இரண்டும் மாறி மாறிக் கேட்கும். சற்றுப் பழகிவிட்டால் யார் ஓங்கி அடித்தார், யார் மெல்லத் தட்டிவிட்டார் என்பதைக் கூடப் பார்க்காமலே சொல்லிவிடலாம். இந்த இரண்டு ஒலிகளில் ஒன்று திடீரென நின்றுவிட்டால் என்ன ஆகும்? பந்து வருகிறது, போகிறது; மேசையின் 'டக்' மட்டும் கேட்கிறது; மட்டையின் 'டொக்'கைக் காணோம்!

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியின் விளையாட்டு அறையில் இதுதான் நடந்தது. குன்றத்தூரிலிருந்து வரும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவருடைய மட்டையில் ரப்பர் தேய்ந்து உரிந்துவிட்டது. புதிது வாங்கப் பணமில்லை. அவருடைய அண்ணன் ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கார்க் கதவின் ஓரத்தில் தண்ணீர் புகாமல் ஒட்டுவார்களே, அந்த நுரை ரப்பரில் கழிவாகப் போட்ட ஒரு துண்டை அவர் கேட்டு வாங்கி வந்தார். தம்பி அதை அளவாக வெட்டி மட்டையின் இருபுறமும் ஒட்டிக்கொண்டார். அடுத்த ஒரு வாரம் கல்லூரியில் அவரை வெல்ல ஆளில்லை. வழக்கமாக அவரைச் சுலபமாகத் தோற்கடிப்பவர்களும் பந்து எங்கே வருகிறது என்று புரியாமல் தடுமாறினார்கள். எட்டாம் நாள் வழக்கு என்னிடம் வந்தது. "சார், அது மட்டையே இல்லை, மெத்தை!" என்றது ஒரு கட்சி. அவரோ, "பந்தை அடிக்கிறது நானா, மட்டையா? நீங்களே சொல்லுங்க சார்" என்றார்.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இதே வழக்கு உலக அளவில், நம் நாட்டிலேயே, 1952-இல் தொடங்கியது. தீர்ப்பு வர ஏழு ஆண்டுகள் ஆயின.

அவ்வாண்டு பிப்ரவரியில் உலக மேசைப் பந்தாட்டப் போட்டிகள் பம்பாயில் நடந்தன. ஆசியாவில் அப்போட்டிகள் நடந்தது அதுவே முதல் முறை. ஜப்பான் அதில் கலந்துகொண்டதும் முதல் முறை. அதுவரை ஆடவர் ஒற்றையர் பட்டம் ஐரோப்பாவை விட்டு வெளியே போனதில்லை. (1929-இல் அதை வென்றவர் பிரெட் பெர்ரி. பின்னாளில் விம்பிள்டன் டென்னிஸில் புகழ்பெற்ற அதே பெர்ரிதான்!) ஹங்கேரி வீரர்களும் அமெரிக்காவின் மார்ட்டி ரைஸ்மனும் பெரிதும் எதிர்பார்க்கப்பட்டனர். மூக்குக் கண்ணாடி அணிந்த ஹிரோஜி சாட்டோ என்ற ஜப்பானியரை யாரும் பொருட்படுத்தவில்லை.

சாட்டோவின் கையில் இருந்த மட்டை வேறு மாதிரியானது. அக்காலத்தில் எல்லோரும் மரப்பலகையின் மேல் சிறு சிறு மொட்டுகள் கொண்ட மெல்லிய ரப்பரை ஒட்டி ஆடினர். சாட்டோவின் பலகையிலோ தடித்த நுரை ரப்பர், அதாவது 'ஸ்பாஞ்சு', ஒட்டப்பட்டிருந்தது. அந்த மட்டையில் பந்து பட்டால் ஓசை எழவில்லை. ரைஸ்மன் அவரிடம் தோற்றார். பலர் தோற்றனர். இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியின் ஜோசப் கோட்சியானையும் சாட்டோ வென்றார். ஆசியர் ஒருவர் ஆடவர் ஒற்றையர் உலகப் பட்டம் பெற்றது அன்றுதான். பாராட்டு எழுந்த அதே வேகத்தில் கண்டனமும் எழுந்தது. வென்றது சாட்டோவா, ஸ்பாஞ்சா?

இதற்கு விடை காண, பந்தும் மட்டையும் சந்திக்கும் அந்தக் கணத்தை நாம் சற்று விரித்துப் பார்க்க வேண்டும்.

இன்றைய பந்தின் எடை 2.7 கிராம். அது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மட்டையில் மோதி, அதே வேகத்தில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். திசைவேக மாற்றம் வினாடிக்கு 20 மீட்டர்; உந்த மாற்றம் 0.054 அலகு. பந்து மட்டையைத் தொட்டிருக்கும் நேரம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், சராசரி விசை 54 நியூட்டன். அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ எடைக்குச் சமம். ஒரு தேக்கரண்டி சர்க்கரை எடை கூட இல்லாத பந்துக்கு இது பெரிய விசைதான்! மென்மையான நுரை ரப்பர் அந்தத் தொடு நேரத்தை இரு மடங்காக்கினால் விசை பாதியாகக் குறையும். கிரிக்கெட் வீரர் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும் இதே கணக்குதான்.

தொடு நேரம் கூடினால் இன்னொன்றும் நடக்கிறது. ஒலி மாறுகிறது. ஒரு பித்தளைக் குடத்தை நாணயத்தால் தட்டுங்கள். 'டங்' என்ற கூர்மையான ஒலி எழும். அதே குடத்தைத் துணி சுற்றிய விரலால் தட்டுங்கள். மந்தமான 'தொம்' மட்டுமே கேட்கும். குறுகிய நேரத்தில் முடிந்துவிடும் மோதல் உயர்ந்த அதிர்வெண்களையும் எழுப்பும். நீண்ட நேரம் எடுக்கும் மோதலுக்கு அவற்றை எழுப்பும் ஆற்றல் இல்லை. நுரை ரப்பர் மரப்பலகையை அதிரவிடாமல் தடுக்கும் துணியாக வேலை செய்கிறது. சாட்டோவின் மட்டை ஊமையானதற்குக் காரணம் இவ்வளவே.

"சத்தம் போனால் போகட்டுமே, கண் இருக்கிறதே!" என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரு ஆட்டக்காரர்களுக்கும் இடையே 4 மீட்டர் தூரம். பந்தின் வேகம் வினாடிக்கு 15 மீட்டர் என்று கொண்டால், அது வந்து சேர 0.27 வினாடி. ஒலியோ 0.012 வினாடியில் வந்துவிடுகிறது. மேலும், காதில் விழுந்ததற்கு மனித உடல் பதில் செய்ய ஏறத்தாழ 0.15 வினாடியும், கண்ணில் பட்டதற்கு ஏறத்தாழ 0.2 வினாடியும் ஆகும். எனவே பழகிய ஆட்டக்காரர் எதிராளியின் அடியைக் கண்ணால் பார்ப்பதோடு நிற்பதில்லை, காதாலும் கேட்கிறார். 'டொக்' என்ற ஒலியின் கனத்தை வைத்தே அவருடைய கால் நகரத் தொடங்கிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படிப் பழகியவரிடமிருந்து ஒரு நாள் காலையில் அந்த ஒலியைப் பறித்துவிட்டால் அவர் தடுமாறாமல் என்ன செய்வார்? எங்கள் கல்லூரி மாணவர்களும் இதனால்தான் தடுமாறினார்கள்.

ஒலியை விட முக்கியமானது சுழற்சி. ஒரு கோலிக்குண்டைச் சுழற்றிச் சிமெண்டுத் தரையில் போடுங்கள். அது அநேகமாக நேராகவே எழும். ஒரு ரப்பர் பந்தை அதேபோல் சுழற்றிப் போடுங்கள். பக்கவாட்டில் பாய்ந்து ஓடும்! ரப்பர் தரையைப் பற்றிக்கொள்கிறது. பற்றியபின் பக்கவாட்டில் இழுபட்டு, ஒரு சுருள்வில் போல மீள்கிறது. மட்டையிலும் இதுவே நிகழ்கிறது. மொட்டு ரப்பரில் பந்து சில மொட்டுகளின் நுனியைத்தான் தொடுகிறது, பிடிப்பு குறைவு. நுரை ரப்பரிலோ பந்து சற்றே புதைகிறது. தொடும் பரப்பு கூடுகிறது, பிடிப்பு கூடுகிறது. மட்டையை மேல்நோக்கி உரசி எடுத்தால் பந்து கடுமையாகச் சுழன்று புறப்படும். முன்னோக்கிச் சுழலும் பந்தின் மேற்பக்கம் எதிர்க்காற்றோடு மோதுகிறது. கீழ்ப்பக்கம் காற்றோடு இழைந்து போகிறது. இதனால் பந்தின் பின்னால் காற்று மேல்நோக்கித் தள்ளப்பட, பந்து கீழ்நோக்கி அழுத்தப்படுகிறது. ஓங்கி அடித்த பந்து மேசையைத் தாண்டிப் போகாமல் கடைசி நேரத்தில் வளைந்து விழுவது இந்த மாக்னஸ் விளைவினால்தான். இன்றைய வீரர்கள் வினாடிக்கு 100 சுற்றுக்கு மேலும் பந்தைச் சுழற்றுகிறார்கள்.

இத்தனையும் மட்டை செய்கிறது என்றால், பட்டத்தை மட்டைக்கே கொடுத்துவிடலாம் போலிருக்கிறதே! சற்றுப் பொறுங்கள். அதே பம்பாயில் மகளிர் ஒற்றையர் பட்டம் பெற்றவர் ருமேனியாவின் ஆஞ்செலிக்கா ரோசியானு. அவர் பழைய மட்டைக்காரர். 1950 முதல் 1955 வரை ஆறு முறை தொடர்ந்து பட்டம் வென்றவர். மறு ஆண்டு, 1953-இல், புக்கரெஸ்டில் ஆடவர் பட்டம் ஹங்கேரியின் ஃபெரன்ஸ் சீடோவுக்குப் போயிற்று. அவரும் மொட்டு ரப்பர்க்காரரே. சாட்டோ மீண்டும் அந்தப் பட்டத்தைப் பெறவே இல்லை. மட்டை மட்டுமே வென்றிருந்தால் இப்படி நடந்திருக்காது. பம்பாயில் சாட்டோவுக்குக் கிடைத்த பெரும் பலன் எதிராளிகளின் பழக்கமின்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. அது ஒருமுறைதான் கிடைக்கும்.

ஆனால் ஸ்பாஞ்சு போய்விடவில்லை. 1954-இல் லண்டனில் ஜப்பானின் இச்சிரோ ஓகிமுரா ஸ்பாஞ்சு மட்டையோடு வந்து வென்றார். 1955-இலும் 1957-இலும் தோஷியாக்கி தனாக்கா, இடையில் 1956-இல் மீண்டும் ஓகிமுரா. அதிர்ச்சி மருந்தாக வந்த பொருள் ஆட்டத்தின் முறையையே மாற்றிவிட்டது. பழைய ஆட்டத்தின் பொறுமை உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் ஒன்று சொல்கிறேன். 1936-இல் பிராக் நகரப் போட்டியில் எர்லிக், பானெத் என்ற இருவர் ஆடியபோது முதல் ஒரு புள்ளிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று! அதன்பின் வலையின் உயரத்தைக் குறைத்து 15.25 செ.மீ. ஆக்கினார்கள். ஆகவே விதி மாறுவது இந்த ஆட்டத்துக்குப் புதிதல்ல.

இங்கே ஒரு முக்கியமான செய்தியைச் சொல்ல வேண்டும். சாட்டோ எந்த விதியையும் மீறவில்லை. மீற விதியே இல்லை! மட்டை எந்தப் பொருளாலும், எந்த வடிவிலும், எந்த அளவிலும், எந்த எடையிலும் இருக்கலாம் என்பதே அன்றைய நிலை. அவரை ஏமாற்றுக்காரர் போலப் பேசியவர்கள் நியாயமாகப் பேசவில்லை. அதே சமயம், பத்துப் பதினைந்து ஆண்டு உழைப்பால் ஒரு கலையைக் கற்றவர், அந்தக் கலையே செல்லாக் காசாகிப் போவதைக் கண்டு மனம் நொந்ததையும் குறை சொல்ல முடியாது. ரைஸ்மன் வாழ்நாள் முழுவதும் பழைய மட்டைக்காகவே வாதாடினார்.

தீர்ப்பு 1959-இல் வந்தது. உலக மேசைப் பந்தாட்டச் சம்மேளனம் மட்டைக்கு இலக்கணம் வகுத்தது. பலகை மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும். அதன்மேல் மொட்டு ரப்பர் மட்டும் ஒட்டினால் பசையோடு சேர்த்து 2 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. நுரை ரப்பரின் மேல் மொட்டு ரப்பர்த் தோல் போர்த்தி ஒட்டினால், மொட்டு வெளியே இருந்தாலும் உள்ளே திரும்பியிருந்தாலும், மொத்தம் 4 மி.மீ. வரை இருக்கலாம். வெறும் ஸ்பாஞ்சு கூடாது. சாட்டோவின் மட்டைக்குத் தடை. அதன் குழந்தைக்கு அனுமதி! இன்று கடையில் நீங்கள் வாங்கும் வழவழப்பான மட்டை அந்தக் குழந்தைதான்.

இந்த 4 மி.மீ. எங்கிருந்து வந்தது? இயற்கையில் 4 மில்லிமீட்டருக்குத் தனி மகிமை எதுவும் கிடையாது. 4.1 மி.மீ. மட்டை அநியாயமும் 3.9 மி.மீ. மட்டை நியாயமும் ஆகிவிடாது. ஆனால் நடுவருக்கு ஆட்டம் தொடங்கும் முன் ஒரு நிமிடத்தில் அளந்து பார்க்க ஏதாவது வேண்டும். சுழற்சியை மேசையருகே அளக்க முடியாது. ஓசையை அளப்பதும் எளிதல்ல. தடிமனை அளக்கலாம். நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் வேலை செய்வோருக்கு இது நன்றாகப் புரியும். ஒரு துளையின் அளவு சரியா என்று பார்க்க அவர்களிடம் 'கோ, நோ-கோ' கேஜ் இருக்கிறது. ஒரு முனை நுழைய வேண்டும். மறு முனை நுழையக் கூடாது. அவ்வளவுதான், வாதம் இல்லை. 1959-இல் மேசைப் பந்தாட்டத்துக்குக் கிடைத்தது இப்படி ஒரு கேஜ்.

அளக்கலாம் என்றேனே தவிர, அது அத்தனை எளிதன்று. ஒரு வெர்னியர் அளவியை எடுத்து ஸ்பாஞ்சுத் துண்டின் தடிமனை அளந்து பாருங்கள். மெல்லப் பிடித்தால் ஓர் அளவு. சற்று அழுத்தினால் வேறோர் அளவு. இரும்பை அளப்பதுபோல் ரப்பரை அளக்க முடியாது, ஏனெனில் அளக்கும் செயலே அளவை மாற்றிவிடுகிறது. வளையும் பொருளும் நீளும் பொருளும் எங்கே வந்தாலும் இந்தத் தொல்லையும் கூடவே வரும்.

இதற்கு அண்மைக் கால உதாரணம் பனி நாட்டிலிருந்து கிடைக்கிறது. சறுக்குத் தாவல் என்றொரு விளையாட்டு உண்டு. வீரர் காலில் நீண்ட சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, உயரமான சரிவில் வழுக்கி வந்து, காற்றில் பாய்ந்து, நூறு மீட்டருக்கும் அப்பால் போய் இறங்குவார். அந்த நேரத்தில் அவர் உடம்பும் உடையும் பாய்மரம் போலக் காற்றை வாங்குகின்றன. உடை கொஞ்சம் அகலமானால் காற்று தூக்கும் பரப்பு கூடும், தாவலும் நீளும். எனவே உடை உடம்போடு எவ்வளவு ஒட்டியிருக்க வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. 2025 மார்ச்சில் நார்வேயின் டிராண்ட்ஹைம் நகரில் நடந்த உலகப் போட்டியில் நார்வே அணியினர், சோதனை முடிந்து முத்திரை பெற்ற உடைகளைப் பிரித்து, விறைப்பான நூலை வைத்துத் தைத்தது படம் பிடிக்கப்பட்டது. அதை அணியின் பொறுப்பாளர்களே ஒப்புக்கொண்டனர். இரண்டாவதாக வந்த வீரரின் இடம் பறிபோயிற்று. பம்பாய்க்கும் டிராண்ட்ஹைமுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். சாட்டோ தம் மட்டையை எல்லோரும் பார்க்கக் கையில் வைத்திருந்தார். தடுக்க விதி இல்லை. அங்கே விதி இருந்தது. மறைவில் ஊசி நூல் வேலை செய்தது.

மேசைப் பந்தாட்டத்திலும் அளவுகோலை ஏய்க்கும் வித்தை வராமல் இல்லை. சில கரைப்பான்கள் கலந்த பசையை ஸ்பாஞ்சில் தடவினால், அது உப்பி, மேல்தோலை இழுத்து விறைப்பாக்கும். தடிமன் 4 மி.மீ.-க்குள்தான், ஆனால் வேகமும் சுழற்சியும் கூடிவிடும். அந்தக் கரைப்பான்களின் ஆவி உடம்புக்குக் கேடு என்பதால் 2008 செப்டம்பரில் அவை தடை செய்யப்பட்டன. இப்போது பெரிய போட்டிகளில் மட்டையை அளப்பதோடு, ஆவி வருகிறதா என்று கருவியால் 'மோந்தும்' பார்க்கிறார்கள்! பந்தையும் விட்டுவைக்கவில்லை. 2000-இல் அதன் விட்டத்தை 38 மி.மீ.-லிருந்து 40 ஆக்கினார்கள். குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 11 விழுக்காடு கூடிற்று. காற்றுத் தடை அதிகமாகி வேகம் சற்றுத் தணிந்தது.

ஓசையும் ஒருமுறை திரும்பி வந்தது. 1970-களில் சிலர் மட்டையின் ஒரு புறம் நன்றாகப் பிடிக்கும் ரப்பரும், மறுபுறம் வழுக்கும் ரப்பரும் ஒட்டி, இரண்டையும் ஒரே நிறத்தில் வைத்துக்கொண்டார்கள். பந்து எந்தப் புறத்தில் பட்டது என்று எதிராளிக்குத் தெரியாது. கூர்ந்து கேட்டால் ஒலி வேறுபாட்டால் தெரியும். அதையும் மறைக்க, அடிக்கும் கணத்தில் காலைத் தரையில் ஓங்கி மிதித்தார்கள்! 1980-களில் இரு புறமும் வெவ்வேறு நிறம் வேண்டும் என்ற விதி வந்தபின் இந்த நாடகம் ஓய்ந்தது. காது செய்த வேலையைக் கண்ணுக்கு மாற்றிக் கொடுத்த விதி அது. ஆட்டம் தொடங்கும் முன் எதிராளியின் மட்டையை வாங்கிப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. 2024 பிப்ரவரியில் தென் கொரியாவின் பூசான் நகரில், நம் ஐஹிக்கா முகர்ஜி, சுழற்சியை ஏற்காத ரப்பரைக் கொண்டு, அன்று உலகின் முதல் நிலை வீராங்கனையான சீனத்தின் சுன் யிங்ஷாவைத் தோற்கடித்தார். மட்டை விசித்திரமானதுதான். ஆனால் நிறம் தெரிந்தது, ரப்பரின் வகை தெரிந்தது. திறமை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இனி நம் மாணவரின் வழக்குக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் வைத்து அவருடைய மட்டையை எல்லோர் முன்னிலையிலும் அளந்தோம். ஒரு புறத்து நுரை மட்டும் அழுத்தாமல் 6 மி.மீ. மேல்தோலும் இல்லை. 'நோ-கோ'! தீர்ப்பு அவருக்கு எதிராகப் போயிற்று. ஆனால் அதற்குள் எதிர்க்கட்சியினர் அந்த மட்டைக்குப் பழகிவிட்டிருந்தார்கள். இரண்டாம் வாரத்தில் அவர் பாதி ஆட்டங்களில் தோற்றுக்கொண்டிருந்தார். "அப்போ முதல் வாரம் ஜெயிச்சது நான் இல்லையா, சார்?" என்று கேட்டார். யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்றை நினைத்துச் செய்தவர் அவர்தானே? அந்த வாரத்தின் வெற்றியை அவர் கணக்கிலேயே எழுதலாம் என்று சொன்னேன்.

விதியால் வந்த ஒரு சங்கடத்தையும் மறைக்க வேண்டியதில்லை. போட்டிகளில் சம்மேளனம் அங்கீகரித்த ரப்பரைத்தான் ஒட்ட வேண்டும். அந்த ரப்பர்த் தாள் ஒன்றின் விலையில் சாதாரண மட்டைகள் சிலவற்றை வாங்கிவிடலாம். கழிவுத் துண்டை ஒட்டிக்கொண்டு ஒருவர் உலகத்தை வெல்லும் காலம் 1959-ஓடு முடிந்துவிட்டது. கல்லூரி நண்பர்கள் சேர்ந்து பணம் போட்டு அவருக்குச் சிவப்பும் கறுப்புமாக இரு தாள்கள் வாங்கிக் கொடுத்தார்கள். மனுப் போட்டவர்களும் அதில் பங்கு கொடுத்தார்கள்.

பழைய மட்டை இப்போது எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கிறது. மீட்சிக் குணகம் பற்றிய பாடத்தில் அதைப் பயன்படுத்துகிறோம். நீங்களும் செய்து பார்க்கலாம். ஓர் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி, 30 செ.மீ. உயரத்திலிருந்து பந்தைத் தள்ளாமல் நழுவ விடுங்கள். எழும் உயரத்தை 30-ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் அதுவே மீட்சிக் குணகம். மேசைக்கு விதிப்படி பந்து சுமார் 23 செ.மீ. எழ வேண்டும், அதாவது குணகம் 0.88. வெறும் பலகை, மொட்டு ரப்பர், புது ரப்பர், நுரைத் துண்டு என்று ஒவ்வொன்றையும் மேசைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு சோதியுங்கள். மென்மையானது எல்லாம் ஆற்றலை விழுங்கிவிடும் என்று எண்ணி ஏமாற வேண்டாம். நல்ல நுரை ரப்பர் தான் வாங்கிய ஆற்றலில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். பெட்டிக்குள் வைத்து அனுப்பும் மலிவு நுரை கொடுக்காது.

அந்தச் சோதனையை எங்கள் விளையாட்டு அறை மேசை முழுவதும் செய்து பார்த்தவரும் அதே மாணவர்தான். நடுவில் எல்லாம் 23 செ.மீ. சரியாக எழுகிறது. ஜன்னல் பக்கத்து மூலையில் மட்டும், மழைத் தண்ணீர் பட்டுப் பலகை ஊறியிருப்பதால், 20-ஐத் தாண்டவில்லை. எல்லோரும் இப்போது அந்த மூலையைப் பார்த்தே சர்வீஸ் போடுகிறார்கள்.